கல்யாணம் இல்லாத மார்கழி: யாரைப் பார்த்துப் படம் எடுப்பது?

சித்தி மகன் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். திருமங்கலத்தில் இருந்து மேலூர் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவன். கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தை எடுத்து முடித்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. காபியைக் கையில் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணே, மார்கழியில ஒரு ஆர்டரும் கிடையாது. இந்தத் தடவையாவது எனக்குன்னு ஏதாவது எடுக்கணும். யாரோட படங்களைப் பார்த்துப் படிக்கட்டும்? அப்புறம், எங்க போய் எடுக்கட்டும்?"

அவன் இரண்டு கேள்வியாகக் கேட்டான். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். ஒரு படக்காரரைத் தேர்ந்தெடுத்தால், அவர் எந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவார், எங்கே நிற்பார், எவ்வளவு நேரம் நிற்பார், எதைத் தொடவே மாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். படங்களை மட்டும் பார்த்து "இந்த மாதிரி எடுக்கணும்" என்று கிளம்பினால் பத்து நாளில் அலுத்துப்போகும். எனக்கு அலுத்திருக்கிறது.

முதலில் அவன் கையிருப்பைக் கணக்குப் பார்த்தோம். ஒரு நிக்கான் கிராப் பாடி (சின்ன சென்சார் காமிரா), ஜூம் இல்லாத 35 எம்எம் பிரைம் லென்ஸ், காமிராவோடு வந்த கிட் லென்ஸ் ஒன்று, ரிசப்ஷன் மேடையில் வீடியோவுக்கு நிறுத்துகிற கனமான டிரைபாட். பகலில் ஆல்பம் டிசைன் வேலை பாக்கி கிடக்கிறது, அதனால் காலை ஐந்தில் இருந்து எட்டு வரைதான் அவனுடைய நேரம். பொங்கலுக்குள் ஸ்டுடியோ சுவரில் மாட்டப் பன்னிரண்டு படங்கள் வேண்டும். இது அவனே போட்ட கெடு. சரி, இதை வைத்துக்கொண்டு யாரோடு நடக்கலாம்?

அவன் முதலில் சொன்ன பெயர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். ஸ்ட்ரீட் போட்டோகிராஃபி என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் அவர்தானே. கையடக்க லைக்கா, 50 எம்எம் லென்ஸ், ஃபிளாஷ் கிடையாது. காமிராவின் பளபளப்பு கண்ணில் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தவர். நமக்கும் அவருக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்பட்ட அன்று பகலில் அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். அதே 1950-ல் மதுரைக்கும் வந்திருக்கிறார். எலும்பு தெரியும் ஒரு குழந்தையும் அருகே ஒரு வண்டிச் சக்கரமும் இருக்கும் படம் மதுரையில் எடுத்ததுதான். விலா எலும்பும் சக்கரத்தின் ஆரக்காலும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இருக்கும். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட நிம்மதியாகப் பார்த்ததில்லை.

அவர் வழியை நான் ஒரு ஆடி மாதம் முழுக்கப் போய்ப் பார்த்தவன். யானைக்கல் தரைப்பாலத்துப் பக்கம் தேங்கின தண்ணீர் ஒன்று இருந்தது. பாரிஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் குட்டையைத் தாண்டுகிற 1932-ஆம் வருடத்துப் படம் மண்டையில் ஏறியிருந்ததால், இங்கேயும் யாராவது தாண்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் தாண்டவில்லை. மதுரைக்காரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணிக்குள்ளேயே இறங்கி நடப்பான், அவனுக்கு எதற்குத் தாவல்? மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "யாரைத் தம்பி தேடுறீங்க? நானும் மூணு நாளாப் பாக்குறேன்." மாதக் கடைசியில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் படங்கள் இருந்தன. வைத்துக்கொண்டது நாலு. அந்தக் குட்டைப் படம், ஓரத்தை வெட்டி அச்சிட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர் படத்தை வெட்டவே மாட்டார் என்று நம்பி நானும் ஒரு மாதம் எதையும் வெட்டாமல் இருந்தேன்.

இதைச் சொல்லி அவனைப் பயமுறுத்தப் பார்க்கவில்லை. அந்த மாதத்தில் என் கண் பழகியது உண்மை. ஆனால் தம்பிக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி. தாலி கட்டுகிற அந்த இரண்டு நொடியை, ஐயர் கை குறுக்கே வந்தாலும், பெரியம்மா அட்சதையோடு முன்னால் பாய்ந்தாலும், தவறவிடாமல் பிடிக்கிறவன் அவன். கணத்தைப் பிடிப்பதற்குத்தான் வருடம் முழுக்கச் சம்பளம் வாங்குகிறான். விடுமுறையிலும் அதையே செய்யச் சொல்வது டிரைவரை லீவு நாளில் ஊட்டிக்கு வண்டி ஓட்டச் சொல்கிற மாதிரி. தவிர, பொங்கலுக்குள் பன்னிரண்டு என்ற கெடுவுக்கு இந்த வழி உத்தரவாதம் தராது. நாலு கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்.

அடுத்து ரகுபீர் சிங். இவரை நான் சொன்னேன். 1942-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர், 1999-ல் காலமானார். 1966-ல் ஜெய்ப்பூரில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வேலை செய்வதைக் கூட இருந்து பார்த்தவர். பார்த்துவிட்டு எடுத்த முடிவுதான் பெரிசு: கறுப்பு வெள்ளை நமக்கு வேண்டாம், இந்த நாடு நிறத்தில்தான் யோசிக்கிறது என்று கோடாக்குரோம் ஸ்லைடு ஃபிலிமில் இறங்கிவிட்டார். தமிழ்நாட்டுக்கென்றே தனியாக ஒரு படப் புத்தகமும் போட்டிருக்கிறார். அவருடைய ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் அதற்குள் நாலு படம் இருக்கும். ஒரு கம்பமோ, கடைக் கண்ணாடியோ, அம்பாசிடர் கார் கதவோ சட்டகத்தைப் பிரித்து வைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் ஒரு திசை பார்த்துக்கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

மதுரைக்கு இதைவிடப் பொருத்தமான கண் கிடையாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையில் நின்றால் போதும். சாக்கை அவிழ்த்துத் தார்ப்பாயில் மல்லியைக் கொட்டுகிறவர் ஒருபுறம், ஒரு கை அள்ளி மொட்டு எவ்வளவு, விரிந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற வியாபாரி ஒருபுறம், நடுவில் தராசு, பின்னால் செவ்வந்தி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு "வழி, வழி" என்று வருகிறவர். ஆனால் மார்கழி பனி மாதம், அதில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும், கொட்டுவதற்குக் குவியல் இருக்காது. வெளிச்சமும் ஒரு தொல்லை. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து தெளிவாக விழவேண்டும் என்றால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8-லாவது வைக்கவேண்டும். மார்கழியில் நமக்குச் சூரியன் எழுவதே ஆறரை வாக்கில். அதற்கு முன் ட்யூப்லைட்டில் எஃப் 8 வைத்தால் காமிராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓ ஆறாயிரத்துக்கு மேல் ஓடும், நிறம் செத்துவிடும். நிறத்துக்காகப் போய்விட்டு நிறத்தை இழக்கிற கதை. ஏழில் இருந்து எட்டு வரை ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது. அது போதாது. சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் ரகுபீர் சிங்கோடு போகலாம். அவனுக்கு அப்போது கல்யாண சீசன், அது வேறு விஷயம்.

மூன்றாவது பெயரை அவன் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். எம். பழனி குமார். நம் ஊர்க்காரர், ஜவஹர்லால்புரம். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்கிற பாரி இணையதளத்தில் படங்களோடு எழுதியும் வருகிறார். 2022-க்கான தயாநிதா சிங்-பாரி ஆவணப்பட புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான்.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் மதுரையில் அந்தக் குழந்தையை எடுத்துவிட்டு ஊரைக் கடந்து போனார். பழனி குமார் இதே ஊரில் இருந்து புறப்பட்டு, படம் எடுத்த வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார். கேமராவைப் பிடிக்கிற விதத்தில் வித்தியாசம் பெரிசாக இல்லை, எத்தனை தடவை திரும்பிப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. அவர் படங்களில் ஆட்கள் காமிராவைப் பார்க்கிற பார்வையே அதைச் சொல்லிவிடும்: தெரிந்த பையன் வந்திருக்கிறான், எடுக்கட்டும் என்கிற பார்வை.

"அப்ப நான் அவர் மாதிரி எடுக்கவா?" என்றான். ஒரு மாதத்தில் முடியாதுடா என்றேன். பொங்கலுக்குள் பன்னிரண்டு என்று கெடு வைத்துக்கொண்டு ஒருத்தர் வாழ்க்கைக்குள் நுழைவது சரியில்லை. அது கெடு இல்லாத வேலை. ஆரம்பிக்க வேண்டும் என்றால் வீட்டுக்குள் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது சித்தப்பா என் நினைவுக்கு வந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில், மலைகளை எடுத்துப் பேர்வாங்கின அமெரிக்கப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் என்றும் ஒரு பேச்சு வந்தது. யானைமலை இருக்கிறது, அரிட்டாபட்டி இருக்கிறது, ஆசை புரிகிறது. ஆனால் எட்டு மணிக்குள் திரும்பி ஆல்பம் வேலைக்கு உட்கார வேண்டியவனுக்கு மலை சரிப்படாது. விட்டுவிட்டோம்.

நாலாவதாக நான் சொன்ன பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்து கேப்டன், மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858 ஜனவரி, பிப்ரவரியில் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றி மதுரைக்கு வந்து, மீனாட்சி கோவில், அதற்கு எதிரே இருக்கிற புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், வைகை என்று வரிசையாக எடுத்தார். கண்ணாடித் தகடு இல்லை, மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றேகால் அடி அகலம். நிமிடக்கணக்கில் திறந்து வைக்கவேண்டும், அதனால் நடக்கிற மனிதர் எவரும் படத்தில் விழமாட்டார். அந்தக் காகிதத்துக்கு நீல வானம் வெறும் வெள்ளைதான், அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டிச் சேர்த்திருக்கிறார். இன்றைக்கு மொபைலில் வானத்தை மாற்றுகிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

வெள்ளைக்காரத் துரை, கம்பெனிக்காகக் கணக்கெடுக்க வந்தவர், அவரிடம் நமக்கு என்ன பாடம் என்று கேட்கலாம். தம்பியும் கேட்டான். அவர் எதற்காக எடுத்தார் என்பது எனக்கும் உவப்பானதில்லை. ஊரில் இருந்த ஆட்களைப் பற்றி அவர் படங்கள் அனேகமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளில் ஒரு சில படங்கள்தான் எடுக்க முடியும் என்றால் ஒருவன் எங்கே நிற்பான் என்பதற்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் சுடுகிறவனுக்கு இல்லாதது அதுதான். நிற்கிற இடம் சரியா என்று யோசிக்க மேடையில் அவனுக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை.

கணக்குப் பார்த்தால் மற்ற எல்லாமே இங்கே ஒத்துவருகிறது. கனமான டிரைபாட் ஏற்கெனவே இருக்கிறது. காலை ஐந்து மணி இருட்டு இந்த வேலைக்கு வரம்தான். எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வைத்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து விநாடி திறக்கவேண்டி வரும். பால்காரர் சைக்கிள் குறுக்கே போனாலும் படத்தில் இருக்காது, விளக்கு மட்டும் ஒரு கோடாக மிஞ்சும். வெளுத்த பிறகு ஒரு விநாடிக்கு வந்துவிடும். அப்போது வெளிச்சத்தை ஆறு தடவை பாதியாக்குகிற ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி) ஒன்று போட்டால் அது அறுபத்து நாலு விநாடியாகும். வாங்க வேண்டிய ஒரே பொருள் அந்த ஃபில்டர்தான்.

டிரைப் வந்ததும் நம் தை, மாசி வாக்கில்தான். மார்கழிக் கடைசி வெயிலின் சாய்வும் அதற்குப் பக்கத்தில் வரும். அவர் படத்தில் தூண் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் காலையா மாலையா என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். அவர் நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். முன்னால் இருக்கிற தூணின் ஓரம் பின்னால் இருக்கிற கோபுரத்தின் எந்த நிலையை மறைக்கிறது என்று பார்த்து, அது அப்படியே பொருந்துகிற வரைக்கும் முன்னும் பின்னும், இடமும் வலமும் நகரவேண்டும். லென்ஸை மாற்றிப் பிரயோசனம் இல்லை. லென்ஸ் எவ்வளவு அகலம் தெரியும் என்பதைத்தான் மாற்றும், எது எதை மறைக்கிறது என்பதைக் கால்தான் மாற்றும். இன்னொன்று, அவர் காமிராவை அண்ணாந்து வைப்பதில்லை. மட்டமாக வைப்பார். நாம் மொபைலில் கோபுரத்தை எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வருகிறதே, அது அண்ணாந்து பிடிப்பதால்தான். நன்றாகப் பின்வாங்கி, காமிராவை மட்டமாக வைத்து, கீழ்ப்பாதித் தரையைப் பிறகு வெட்டிக்கொண்டால் கோபுரம் நேராக நிற்கும்.

எங்கே என்ற கேள்விக்கும் அவரே பதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் எடுத்த மதுரைப் படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. கோவிலுக்குள் காமிரா கிடையாது, 2018 தீ விபத்துக்குப் பிறகு மொபைலும் கிடையாது, அதனால் வெளியே இருந்து எடுக்கக்கூடியவை மட்டும்தான் நமக்கு. தெப்பக்குளம் ஒன்று. விளக்குத்தூண் இன்னொன்று. கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட தூண் அது. அந்த இடிப்பு வேலையின் மிச்சமாகத்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களையும் தினம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டிரைப் அந்தத் தூணையும் எடுத்திருக்கிறார். இன்றைக்கு அதைச் சுற்றி ஜவுளிக்கடை போர்டும் கேபிள் வயரும். வயரை அழிக்கக்கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையின் தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கிற அந்தச் சந்தைக் காலை ஐந்தரைக்கு, ஷட்டர் எல்லாம் இறக்கியிருக்கும்போது பார்க்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. டிரைபாடை விரித்தால் ஆள் தொழில்காரனாகத் தெரிந்துவிடுவான். ஊருக்கு வெளியே ஒரு பழைய இடத்தில் நான் கால்களை விரித்து முடிப்பதற்குள் காவலாளி வந்து மடக்கச் சொன்னார். தப்பு என்னுடையது, பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் டிரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். தெருவில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் வாசலில் கோலம் போடுகிறவர்கள் இருப்பார்கள். படத்தில் விழமாட்டார்கள் என்றாலும் சொல்லிவிட்டு எடுப்பதுதான் முறை. போன மார்கழியில் தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு அக்காவிடம், தெருவைத்தான் எடுக்கிறேன் என்று சொன்னேன். புள்ளியில் இருந்து கையை எடுக்காமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இழை அறுந்துபோகாமல், "தெருவை எடுங்க தம்பி, என்னைய எடுக்காதீங்க, இன்னும் குளிக்கல" என்றார். இருபது விநாடிப் படத்தில் அவர் இல்லை. கோலம் பாதி இருக்கிறது, மீதி பாதி இல்லை.

ஆக, மார்கழிக்கு டிரைப் என்று முடிவாயிற்று. ஒரு நாளைக்கு மூன்று படங்களுக்கு மேல் கூடாது என்பது விதி. தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "மூணா? ஒரு பொண்ணு மாப்ளைக்கு மாலை மாத்தவே அறுபது எடுப்பேனே" என்றான். அதனால்தான் மூணு என்றேன்.

பட்டியலில் கடைசியாகப் புதுமண்டபம் இருந்தது. சித்தப்பா அங்கேதான் முப்பது வருடத்துக்கு மேல் தையல் மிஷின் போட்டிருந்தார். கோவிலுக்கு வருகிறவர்கள் காலையில் துணி கொடுத்துவிட்டுச் சாயங்காலம் ரவிக்கையோ பாவாடையோ வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். 124 தூண் உள்ள மண்டபத்தில் இருந்துவிட்டு இப்போது ஷட்டர் போட்ட கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் அவர் வந்ததும், டிரைப் மேற்குப் பக்கம் இருந்து எடுத்த புதுமண்டபத்துப் பக்கத் தாழ்வாரப் படத்தை மொபைலில் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் பெரிசாக்கி, தூண்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு அடுத்த தூணு. அங்கதான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்ப்பா, ஒரு ஆள்கூட இல்லையே?" என்று என்னைக் கேட்டார்.

"அந்தக் காலத்து காமிரா சித்தப்பா. நடமாடுறவங்க அதுல விழ மாட்டாங்க."

"நான் நடமாடலியே. உக்காந்துல்ல இருந்தேன்."

"அப்ப விழுந்திருப்பீங்க. கை மட்டும் தெரிஞ்சிருக்காது."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்தான். பன்னிரண்டாவது படத்தைக் குன்னத்தூர் சத்திரத்தில் வைத்துக்கொள்வது என்று அங்கேயே பேசிக்கொண்டோம். டிரைபாடில், நாலு விநாடி, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது.